பைலட் கடைச் சுவர்

எங்கள் தையல் கடையின் இடதுபக்கச் சுவர் குளிர்ந்து கிடப்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். மழை விடாமல் அழுதுகொண்டிருந்த வாரம் அது. ஈரத் துணியைச் சுவரோரக் கொடியில் போடப் போனவள், சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

“ஏங்க, இந்தச் சுவரு செத்துப்போச்சுங்க” என்றாள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டிக் கடையின் அடுப்பு. ஆள் உயரத்துக்கு இருக்கும் பழைய கேஸ் அடுப்பு. அதன் புண்ணியத்தில் நாங்கள் பல வருஷமாக ஓசியில் துணி காயப் போட்டோம். பனிக்காலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காஜா எடுத்தோம். ரொட்டி போட்டு முடித்துப் பெரிய தீயை நிறுத்திய பிறகும் சுவர் முழுக்கக் குளிராது. அடுப்பின் அடிவயிற்றில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு நீலத் தீ ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கும். அதிலிருந்துதான் பெரிய தீ பற்றும். அதற்கு அந்த வீட்டில் ‘குட்டி’ என்று பேர். ஏன் குட்டி என்று ஒருமுறை கேட்டேன். “நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அது குட்டிதான்” என்றார் ரொட்டிக் கடைக்காரரின் மனைவி, எனக்கு அண்ணி. அத்தோடு விட்டுவிட்டேன். அடுப்புக்குள் இருப்பது ஆடா மாடா என்று ஆராய்ச்சி செய்ய எனக்கென்ன தலையெழுத்து?

கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைப் பலகையில் வேறு ஏதோ பேர் எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. பைலட் கடை, பைலட் பன், பைலட் சம்சாரம். அவருக்கு அந்தப் பேர் வந்த கதையை நான் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். பேன்ட் அளவு கொடுக்க வந்தாலும் சொல்வார், பட்டன் தைக்க வந்தாலும் சொல்வார்.

“ரெண்டாம் கிளாஸ் படிக்கிறேன். டீச்சர் ஒவ்வொருத்தனா எழுப்பி, பெரியவனானா என்ன ஆவீங்கன்னு கேக்குறாங்க. ஒருத்தன் டாக்டர்ங்கிறான், ஒருத்தன் பயில்வான்ங்கிறான். என் முறை வந்துச்சு. எழுந்தேன். பைலட்டுன்னேன். கிளாஸே கப்சிப். டீச்சர் என் தோளைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னாங்க பாரு, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ‘பைலட்டைப் பாத்துக்கிட்டே இருந்தா போதுமாடா? பைலட்டாவே ஆகணும்!’ போர்டுல ஒரு ஏரோப்ளேன் வரைஞ்சு, எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க. அன்னிக்கு வந்த பேருடா இது. பேரு வந்துச்சு, ப்ளேன் வரல.”

தன் கடையில் வைத்துச் சொன்னால், முடித்ததும் கையைப் பின்பக்கம் நீட்டுவார். அங்கே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், அவருடைய அப்பா உட்கார்ந்திருப்பார். பெரியவருக்கு ஒரு காது மாவு பிசையும் மெஷினுக்குப் பலியாகிவிட்டது. இன்னொரு காது அவர் இஷ்டப்பட்ட நேரத்தில் மட்டும் வேலை பார்க்கும்.

“இவர்தான். பைலட் ஆகணும்னு நின்ன பிள்ளையைக் கொண்டாந்து அடுப்புல போட்டவர்.”

பெரியவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: “அதான் ஆயிட்டியே. இன்னும் என்னவாம்?”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான். பைலட் முகம் தொங்கிப்போகும். இத்தனை வருஷமாக ஒரு தகப்பன் பெற்ற பிள்ளையை இப்படியா நக்கலடிப்பார் என்று எனக்கே பெரியவர் மேல் கோபம் வரும். பிறகு அவர் ஒரு ரஸ்க்கை எடுத்து நீட்டுவார், கோபம் போய்விடும். என் கோபத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு.

எனக்கும் சின்ன வயசில் ஆசை இருந்தது. நான் திருடனாக ஆசைப்பட்டேன். தையல்காரனாகிவிட்டேன். ஊரார் துணியில் மிச்சம் பிடிப்பதால் அந்த ஆசை பாதி நிறைவேறிவிட்டது என்பாள் என் மனைவி.

சுவர் செத்த அன்று குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். அண்ணி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் பழுப்பாக ஏதோ நாலு வரிசை இருந்தது.

“என்ன அண்ணி இது?”

“பன்னு.”

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கை கீழே போயிற்று. மேஜை மேல் வைத்தேன். ‘டொக்’ என்றது.

“வீட்டு அடுப்புல நானும் மாமாவும் போட்டது” என்றார் அண்ணி. “இந்தக் குளிருக்கு மாவு எழும்பவே மாட்டேங்குது. போர்வை எல்லாம் போர்த்திப் பாத்தேன். பிள்ளைக்குக்கூட நான் இப்படிப் போர்த்தினதில்ல. காலையில ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து, கதவு காத்துல அடிச்சுக்குது, முட்டுக்கொடுக்க இன்னொண்ணு குடுங்கன்னாரு.”

“பெரிய அடுப்பு என்னாச்சு?”

“உங்க அண்ணன் பள்ளிக்கூடத்துப் பழைய பசங்க கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்து கீழேயே இறங்கல. தீயை நிறுத்திட்டு மாடிக்குப் போனவருதான். நேத்து பின்கதவு காத்துல திறந்துக்கிச்சு, குட்டியும் அணைஞ்சுபோச்சு. மாமா கேஸை மூடிட்டாரு. குட்டியைப் பத்தவைக்கணும்னா தரையில படுத்துத் தலையை உள்ள விடணும். மாமாவுக்கு முட்டி மடங்காது. எனக்குப் பயம்.”

“பெரியவரு என்ன சொல்றாரு?”

“அவரு இவருகிட்டப் பேசுறதில்ல, இவரு அவருகிட்டப் பேசுறதில்ல. நடுவுல நான் ஒரு போஸ்ட் பெட்டி.” அண்ணி குரலைத் தாழ்த்தினார். “முனையில இருக்கானே செல்போன் கடைக்காரன், அவன் இந்த இடத்தை வாடகைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தான். இத்தனை நாள் விரட்டிவிட்டவரு, இப்ப சரின்னுட்டாரு. வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். அடுப்பைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போடப் போறாராம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. இந்தக் கடை வேணும். ரொட்டிக்காரின்னு சொல்லிக்கிட்டே இத்தனை வருஷம் நிமிந்து நடந்துட்டேன். நாளைக்கு என்ன செய்வேன், செல்போன் வாங்க வர்றவங்களுக்குச் செருப்பைப் பாத்துக்கவா? நீங்க போய்ப் பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.”

நான் சொல்லி அவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் அண்ணியின் கண் கலங்கியிருந்தது. மாடி ஏறினேன்.

பைலட் கட்டிலில் மல்லாந்து படுத்து, ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் அடித்த ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. அந்தச் சட்டையைத் தைத்தவன் நான். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் துணியோடு வந்து, தோளில் ரெண்டு பட்டி வை என்றார். எதுக்குண்ணே என்றேன். சும்மா ஒரு இதுக்கு என்றார். பட்டியில் தங்கநிறக் கோடு ரெண்டு இழுக்க முடியுமா என்று கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இழுத்துக் கொடுத்தேன்.

“சட்டை எப்படிண்ணே இருந்துச்சு? தோள் சரியா உக்காந்துச்சா?” என்றேன். வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“தோளு நல்லா உக்காந்துச்சு. வாசல்ல போய் நின்னேன். ஒரு பெரிய காரு வந்து நின்னுச்சு. எங்கூடப் படிச்சவன்தான். அப்ப பயில்வான் ஆகப் போறேன்னு சொன்னானே, அவன். இப்ப காரு விக்கிறான். அவனைப் பாத்துச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். சிரிச்சுட்டு, கார் சாவியை என் கையில குடுத்து, நிழலாப் பாத்து நிறுத்துப்பான்னான்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்வேன்? எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே. அதைச் சொன்னேன். அப்பத்தான் அடையாளம் தெரிஞ்சு, ‘டேய் பைலட்டு’ன்னு கட்டிப்புடிச்சான். அதுக்கு அவன் சும்மா இருந்திருக்கலாம். உள்ள போனா, ஒவ்வொருத்தனா எழுந்து அன்னிக்கு என்ன சொன்னேன், இன்னிக்கு என்ன ஆனேன்னு சொல்லணுமாம். டாக்டர்னு சொன்னவன் டாக்டராவே ஆயிட்டான். ராணி ஆவேன்னு சொன்ன பொண்ணு ஹெட்மிஸ்ட்ரஸ். அதுவும் ராணிதானே. என் முறை வந்துச்சு. நான் வாயைத் திறக்கல. அதுக்குள்ள பின்னாலேருந்து ஒருத்தன், ‘பைலட்டு என்ன ஓட்டுறான்? ஈ ஓட்டுறான்’னான். கூடமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்டா. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது நெஞ்சுக்குள்ள ஏதோ பொலபொலன்னு உதிர்ந்துபோச்சு.”

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய முன்கை இரண்டிலும் அடுப்புக் கதவு சுட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன. ஒரு மனுஷன் தினமும் ஊர் எழும்புமுன் எழுந்து, மூட்டை மாவைப் பிசைந்து, தெருவுக்கே பசியாற்றிவிட்டு, கடைசியில் ஈ ஓட்டுகிறான் என்று பேர் வாங்குவது அநியாயம். அதை அவரிடம் சொன்னேன்.

“ரொட்டி யாரு வேணா போடலாம்” என்றார்.

“கீழே போய் ஒண்ணு கடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“எனக்குன்னு ஒரு ஆசை இருந்துச்சுடா. அதை அந்த மனுஷன் அடுப்புல போட்டாரு. இப்ப அந்த அடுப்பை நான் காயலான் கடைக்குப் போடுறேன். கணக்குச் சரியாப் போச்சு. நீ போ.”

போனேன். கீழே வந்து உதட்டைப் பிதுக்கினேன். அண்ணி ஒரு பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். இன்றுவரை அது எங்கள் கடையில் துணி பறக்காமல் இருக்க உதவுகிறது.

வெள்ளிக்கிழமை செல்போன் கடைக்காரர் வந்தார். சின்ன வயசு, நல்ல சென்ட், ஈரத்தில் பளபளக்கும் பூட்ஸ். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுப்பறையில்தான் உட்கார்ந்தோம், முன்கூடம் ஒழுகியது. மாவு பிசையும் மேஜையைத் துடைத்து அதன் மேல் செல்போன்காரர் ஒப்பந்தத்தை விரித்தார். பைலட் குளித்து, தலைவாரி, அந்த வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கோடு போட்ட தோளைப் பார்த்து செல்போன்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

பெரியவர் மூலையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளும்மா” என்றார் மருமகளிடம். “இந்த அடுப்பு அவனுக்கு என்ன கெடுதல் செஞ்சுது?”

“ஏங்க, மாமா கேக்குறாரு…”

“காது கேக்குது. அவர்கிட்டக் கேளு, நான் பைலட் ஆகணும்னு ஆசைப்பட்டேனா இல்லையான்னு.”

“மாமா, அவரு…”

“ஆசைப்பட்டான். நான் இல்லேன்னா சொன்னேன்? கேட்டான், குடுத்தேன். அன்னிலேருந்து அவன்தானே பாத்துக்குறான்?”

“பாத்தியா! இன்னிக்குக்கூட நக்கல்!” பைலட்டின் குரல் கிறீச்சிட்டது. “இடம் கை மாறப்போற நேரத்துலகூட இந்தக் கிழவனுக்கு நக்கல் போகல. எங்க சார் கையெழுத்து? குடுங்க இப்படி.”

செல்போன்காரர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். பைலட் அதை வாங்கினார். ஆனால் அண்ணி மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ இடித்திருக்கிறது.

“இருங்க. மாமா, என்ன குடுத்தீங்க?”

“பைலட்டைத்தான்.”

“எந்தப் பைலட்டை?”

பெரியவர் இவளுக்கு என்ன மூளை கலங்கிவிட்டதா என்பது மாதிரிப் பார்த்தார். கைத்தடியை நீட்டி, அடுப்பின் அடியில் தரையோடு தரையாக இருந்த, ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக் கதவைத் தட்டினார். “இதை.”

“மாமா, அது குட்டி.”

“இப்பத்தானே குட்டி. அப்ப அதுக்குப் பேரு பைலட்டு. அடுப்பு மாட்ட வந்த கம்பெனி ஆளே சொல்லிட்டுப் போன பேரும்மா அது. சின்னத் தீ, அதுதான் பெரிய தீக்கு வழி காட்டுமாம். எனக்கு அப்பவே குனிய வராது. இவன் வாண்டு. உள்ள எட்டிப் பாக்க வசதியா இருப்பான்னு, எரியுதான்னு பாத்துச் சொல்ற வேலையை இவனுக்குக் குடுத்தேன். அப்பா, பைலட்டை நான்தான் பாத்துக்குவேன், வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு என் வேட்டியைப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்கதான் வருவான். கன்னத்தைத் தரையில வச்சுக் குப்புறப் படுத்துக்கிட்டு அதையே பாப்பான். அப்படியே தூங்கியும் போவான்.”

பைலட் பேனாவைப் பிடித்த கை பிடித்தபடி நின்றார்.

“அப்புறம் எப்படி மாமா குட்டி ஆச்சு?” என்றார் அண்ணி.

“உன் மாமியார் செஞ்ச வேலை. தெருவுல எல்லாரும் இவனைப் பைலட்டுன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்களா? ஒருநாள் காத்துல தீ போச்சு. ‘அடியே, பைலட் அணைஞ்சுபோச்சுடி’ன்னு கத்தினேன். கையில இருந்த குண்டானைப் போட்டுட்டு ஓடியாந்தா பாவம். விஷயம் தெரிஞ்சதும் என்னைப் புடிச்சுக்கிட்டா. பெத்த பிள்ளை பேரைச் சொல்லி அணைஞ்சுபோச்சுன்னு சொல்ற வாயா இது, இனிமே அந்தப் பேரு அடுப்புக்கு ஆகாதுன்னுட்டா. அன்னிலேருந்து அது குட்டி, இவன் பைலட்டு.”

செல்போன்காரர் என் பக்கம் சாய்ந்து, “இதெல்லாம் ஒப்பந்தத்துல வருதா?” என்றார். சும்மா இருங்க என்றேன்.

“அப்ப அந்த டீச்சர்?” என்றார் அண்ணி.

“டீச்சரும் இங்க வந்தாங்களே. உங்க பையன் பைலட் ஆகணும்னு சொல்றான், பெரிய ஆசை, தடை சொல்லாதீங்கன்னாங்க. ஒரு ரொட்டிக்கடை வேலையை இவ்வளவு மதிக்கிறாங்களேன்னு எனக்குப் பெருமை. நான் ஏன் டீச்சர் தடை சொல்றேன், போன வாரமே ஆயிட்டான், என்ன, வேலை நேரத்துல தூங்கிடுறான், அதுதான் பயமா இருக்குன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு, ரெண்டு பன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பிரயோஜனமில்லை. சிரிப்பு உடைத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அதான் ஆயிட்டியே, அதான் ஆயிட்டியேன்னு… அட கடவுளே, அவரு நெசமாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு!”

பைலட் சிரிக்கவில்லை. அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. “பைலட்டைப் பாத்துக்கிட்டே இருந்தா போதுமாடா…” என்றார் மெல்ல. பிறகு எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் பைலட் ஆவேன்னு சொல்லலடா. பைலட்டைப் பாத்துக்குவேன்னு சொன்னேன். அதனாலதான் டீச்சர் அப்படிச் சொன்னாங்க. இத்தனை வருஷமா அந்த வார்த்தையை நானே சொல்லிக்கிட்டுத் திரியுறேன், எனக்கே விளங்கலையே!”

“விளங்கிடுச்சுல்ல, விடுங்க” என்றேன்.

“என்னத்தை விடுறது? போர்டுல ஏரோப்ளேன் வரைஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. கை தட்டினதும் எனக்கு அதுதான் வேணும்னு தோணிப்போச்சு. அப்ப என் ஆசை பொய்யா? ஒரு அடுப்புத் தீயை ஏரோப்ளேன்னு நெனச்சா இத்தனை காலம் அழுதேன்?” கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு குரலில் கேட்டார். “பொய்யா ஆரம்பிச்சிருந்தாலும் நான் ஆசைப்பட்டது நெசம்தானே? இப்பவும் ப்ளேன் சத்தம் கேட்டா அண்ணாந்து பாக்குறேனே?”

அண்ணி சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் போய், அவர் சட்டைத் தோள்பட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

“பாருங்க, யாரு வேணாம்னது? அந்த ஆசையும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். அது என்ன, சோறா கேக்குது?”

பெரியவருக்கு நடந்தது என்னவென்று அப்போதுதான் மெல்ல உறைத்திருக்க வேண்டும். “ஏரோப்ளேனா?” என்றார் யாரிடமோ. “இவன் ஏரோப்ளேனையா கேட்டான்? எனக்கு எப்படிடா தெரியும்? நான் உனக்குப் பிடிச்சதைக் குடுத்துட்டேன்னுல்ல நிம்மதியா இருந்தேன்.” கிழவரின் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பைலட் பேனாவை மூடாமல் மேஜையில் வைத்தார். அது ஒப்பந்தத்தின் மேல் உருண்டு ஒரு கோடு இழுத்தது.

“இப்ப எரியுதா?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

“அணைஞ்சுபோச்சு” என்றார் பெரியவர். “என்னால குனிய முடியலடா.”

பைலட் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டார். கேஸைத் திறந்தார். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு தரையில் முழங்கால் போட்டு, கையை ஊன்றி, மாவும் கரியும் படிந்த அந்தச் சிமெண்டுத் தரையில் தங்கக் கோடு போட்ட வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்தார். கன்னம் தரையில் பட, அந்தச் சின்னக் கதவைத் திறந்து தலையை விட்டார். பாதி ஆள் உள்ளே போய்விட்டது. கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“சார் என்ன பண்றாரு?” என்றார் செல்போன்காரர்.

“வேலைக்குப் போயிட்டாரு” என்றார் அண்ணி. “இனிமே வர லேட்டாகும். நீங்க கிளம்புங்க தம்பி.” கையோடு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு பன்னை எடுத்து, காகிதத்தில் சுற்றி அவரிடம் கொடுத்தார். அவர் பாவம், கனத்தைப் பார்த்துவிட்டுத் தாராள மனசு என்று நினைத்திருப்பார்.

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஒன்று நமுத்துப்போனது. இன்னொன்று. பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். நடுவில் மருமகள் நிற்பதையே மறந்துவிட்டு, மாவு மெஷின் ஓடும்போது கத்துவாரே, அந்தப் பழைய குரலில் கத்தினார்:

“டேய், பைலட் எரியுதாடா?”

அடுப்புக்குள்ளிருந்து பதில் வந்தது. ஐம்பது வயசுக்காரர் குரல் மாதிரி இல்லை.

“எரியுதுப்பா!”

மறுநாள் அந்தச் சட்டை என்னிடம் வந்தது. வயிற்றுப் பக்கம் முழுக்கக் கரி. துவைத்தும் போகவில்லை. பட்டியை எடுத்துவிடட்டுமா அண்ணே என்றேன். எதுக்கு, இருக்கட்டும், வேலைக்குப் போட்டுக்கிறேன் என்றார். வாசலில் சூடான பன்னுக்கு ஆட்கள் குடையோடு நின்றார்கள். இப்போதும் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். முடிவை மட்டும் மாற்றிவிட்டார், அதனால் கதை இன்னும் நீளமாகிவிட்டது. பெரியவரும் கூடச் சேர்ந்து சொல்வதால் இரண்டு மடங்கு.

என் மனைவி ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனாள். கையை வைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை.

“ஏங்க” என்றாள், “பைலட்டு கிளம்பிட்டாரு.”